சம்பளப் பாக்கி

முப்பதாண்டுப் போரை (1618–1648) நம் பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடும்: கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த சமயப்போர். தொடக்கத்துக்கு இந்த வரி பொருந்தும். 1618 மே 23 அன்று பிராகா கோட்டையின் ஜன்னல் வழியே புனித ரோமானியப் பேரரசரின் அதிகாரிகளைத் தூக்கி எறிந்த போஹீமியப் பிரபுக்கள், தங்கள் சமய உரிமை பறிபோகிறது என்ற கோபத்தில்தான் அதைச் செய்தார்கள். ஆனால் 1635 மே மாதத்துக்கு வந்து பாருங்கள். கார்டினல் ரிஷ்லியூ நடத்திய கத்தோலிக்க பிரான்ஸ், லூத்தரன் சுவீடனைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு, கத்தோலிக்க ஸ்பெயின் மீது போர் தொடுக்கிறது. அதே மாதம் லூத்தரன் சாக்சனி, கத்தோலிக்கப் பேரரசரோடு சமாதானம் செய்துகொள்கிறது. அதற்குப் பிறகும் பதின்மூன்று ஆண்டுகள் போர் நடந்தது.

சமயம் மூட்டிய தீயை இத்தனை ஆண்டுகள் அணையவிடாமல் வைத்திருந்தது எது? அரசர்களின் பேராசை, வம்சப் பகை என்று பல விடைகள் உண்டு. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் போர்க்களப் படங்களிலும் தளபதிகளின் வாழ்க்கை வரலாறுகளிலும் அதிகம் தலைகாட்டாத இன்னொரு விடை உண்டு. படைவீரனுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளப் பாக்கி.

அன்றைய ஐரோப்பிய அரசர்களிடம் போர் தொடுக்க ஆசை இருந்தது, பணம் இல்லை. ஆகவே படை திரட்டும் வேலை ஒப்பந்தக்காரர்களிடம் போனது. 1625இல் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டுக்குப் படை திரட்டித் தர முன்வந்த ஆல்பிரெக்ட் வாலன்ஸ்டைன் இவர்களில் பெரியவர். 24,000 பேருக்கு என்று தொடங்கிய ஏற்பாடு, சில ஆண்டுகளில் ஏட்டளவிலாவது ஒரு லட்சத்தைத் தாண்டியது. அவருடைய சொந்த ஆட்சிப் பகுதியான ஃபிரீட்லாந்து, படைக்கு ரொட்டியும் பீரும் பூட்ஸும் வெடிமருந்தும் செய்து விற்றது. ஆன்ட்வெர்ப்பில் பிறந்து பிராகாவில் குடியேறிய ஹான்ஸ் டி விட்டே கடன் புரட்டிக் கொடுத்தார். அவர் கால்வினியர். கத்தோலிக்கப் பேரரசரின் படைக்குப் பணம் தருவதில் அவருக்கும் தயக்கம் இல்லை, வாங்குவதில் பேரரசருக்கும் தயக்கம் இல்லை. 1630இல் வாலன்ஸ்டைன் பதவி நீக்கப்பட்டபோது கடனைத் திருப்பும் வழி அடைபட்டது. டி விட்டே தன் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து உயிரை விட்டார்.

கடனுக்கு ஈடு என்ன? படை நிற்கும் நிலம். ஊருக்கு ஓர் ஓலை வரும்: இத்தனை நாளுக்கு இவ்வளவு தாலர், இவ்வளவு தானியம். கொடுத்தால் காவல் சீட்டு, அதற்கும் தனிக் கட்டணம். கொடுக்காவிட்டால் வீட்டுக்கு வீடு படைவீரர்கள் வந்து இறங்குவார்கள், அல்லது ஊர் எரியும். இந்தத் தண்டல் முறையை வாலன்ஸ்டைன் கண்டுபிடிக்கவில்லை. அதை ஒரு நிர்வாகமாக ஆக்கியது அவர்தான். எதிரியின் நிலம், நண்பனின் நிலம் என்ற வேறுபாடு நாளடைவில் மறைந்தது. அதிக நிலத்தில் தண்டல் செய்ய அதிகப் படை வேண்டும். அதிகப் படைக்குச் சோறு போட அதிக நிலம் வேண்டும். வட்டி கட்ட மறுகடன் வாங்குகிறவனின் நிலைமைதான் இது. அவன் கடையை மூடினால் மறுநாள் எல்லாக் கடன்காரர்களும் வாசலில் நிற்பார்கள்.

படையும் அப்படியே மூட முடியாத கடையானது. ரெஜிமெண்டைச் சொந்தக் கடனில் திரட்டிய கர்னல், போட்ட முதலை எடுக்கும்வரை அதைக் கலைக்கச் சம்மதிக்க மாட்டார். வீரனின் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். செத்தவன் பெயரைப் பட்டியலில் வைத்துக்கொண்டு அவன் பங்கையும் வாங்கிக்கொள்ளும் கேப்டன்கள் இருந்தார்கள். படையைக் கலைப்பது என்றால் இந்தப் பாக்கி முழுவதையும் ஒரே நாளில் தீர்ப்பது என்று பொருள். அதைவிட இன்னோர் ஆண்டு போர் நடத்துவது மலிவு.

1635 ஆகஸ்டில் இது வெட்டவெளிச்சமானது. சுவீடன் அரசர் குஸ்டாவ் அடால்ஃப் 1632இல் லூட்சன் போரில் விழுந்த பிறகு, ஜெர்மனியில் அந்நாட்டின் காரியங்களை நடத்தியவர் சான்சலர் ஆக்சல் ஆக்சன்ஷெர்னா. அவரையே அவருடைய படை அதிகாரிகள் பாக்கிக்காக மாக்டெபர்க் அருகே பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஜெர்மானியர்கள். பாக்கி தீராமல் சுவீடன் சமாதானம் பேசாது என்ற உறுதிமொழி வாங்கிய பிறகே விட்டார்கள். அந்த நாளிலிருந்து சுவீடனின் போர் நோக்கங்களில் படையின் கணக்கும் ஒன்றாகிவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து வைமார் பிரபு பெர்ன்ஹார்ட் இறந்தபோது, அவருடைய கர்னல்கள் பிரான்சுடன் பேரம் பேசி மொத்தப் படையையும் அதன் கையில் கொடுத்தார்கள். படை ஒரு சொத்து. சொத்து கைமாறும்.

இந்தச் சொத்தின் அடியில் கிடந்த மனிதன் எப்படி வாழ்ந்தான் என்பதற்கு நமக்கு ஓர் அரிய சாட்சி உண்டு. பெர்லின் நூலகத்தில் கிடைத்து, 1993இல் நூலாக வந்த ஒரு படைவீரனின் நாட்குறிப்பு. எழுதியவன் பெயர் பீட்டர் ஹாகெண்டார்ஃப் என்று ஆய்வாளர் யான் பீட்டர்ஸ் கண்டறிந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல், இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்தவன். கத்தோலிக்கத் தரப்பில் இருந்தவன், 1633இல் சுவீடன் படையிடம் பிடிபட்டதும் அந்தப் படையில் சேர்ந்தான். அடுத்த ஆண்டு நோர்ட்லிங்கனில் சுவீடன் தோற்றதும் பழைய கேப்டனிடமே திரும்பினான். இதைத் துரோகமாக அவனும் நினைக்கவில்லை, பிடித்தவர்களும் நினைக்கவில்லை. 1631 மே 20 அன்று மாக்டெபர்க் நகரம் விழுந்தபோது அவன் இரண்டு குண்டுகள் பட்டுக் கிடந்தான். எரியும் நகருக்குள் கொள்ளைக்குப் போனவள் அவன் மனைவி. புண்பட்டவனைக் கிடத்தப் படுக்கைத் துணியும், குடிக்க ஒயினும் கொண்டுவந்தாள். அந்த நகரத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். அவளும் அவள் பெற்ற நான்கு பிள்ளைகளும் படையின் பின்னால் நடந்த அந்த ஆண்டுகளிலேயே செத்தார்கள். பிள்ளைகளின் சாவையும் அன்றன்று கிடைத்த ரொட்டியையும் அவன் ஒரே தொனியில் குறித்து வைக்கிறான். கொள்ளையனும் கொள்ளைபோனவனும் ஒரே ஆளாக இருக்க முடியும் என்பதை எந்தத் தளபதியின் வரலாறும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லவில்லை.

நம் கரைக்கும் இந்தக் கணக்கின் ஓர் இழை வந்து சேர்ந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620இல் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் காலூன்றிய டென்மார்க்கின் அரசர் நான்காம் கிறிஸ்தியான்தான், 1625இல் ஜெர்மன் போரில் இறங்கி, அடுத்த ஆண்டு லுட்டரில் தோற்றார். போர் கஜானாவைத் துடைத்தது. 1640களின் நடுவிலிருந்து 1669 வரை தரங்கம்பாடிக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. கைவிடப்பட்ட கோட்டைக்காரர்கள் வங்கத்துக் கப்பல்களைப் பிடித்துக் கொள்ளையடித்துக் காலம் தள்ளினார்கள். சம்பளம் அனுப்பாத அரசன், இருந்த இடத்தில் பிடுங்கித் தின்னும் படை. பால்டிக் கரையில் நடந்ததுதான் வங்கக் கடலிலும் நடந்தது.

1955இல் வரலாற்றாசிரியர் மைக்கேல் ராபர்ட்ஸ் பெல்ஃபாஸ்ட்டில் ஆற்றிய உரைக்குப் பின், இந்தக் காலத்தை ‘ராணுவப் புரட்சி’ என்று பேசுவது வழக்கமாயிற்று. வரிசைப் பயிற்சி, ஒருசேரச் சுடுதல், பெருகும் படை, அதன் தேவைக்காக வளரும் அரசு. ஜெஃப்ரி பார்க்கர் இதில் பீரங்கியைத் தாங்கும் புதுவகைக் கோட்டையைச் சேர்த்தார். டேவிட் பாரட், ராணுவ ஒப்பந்தக்காரர்கள் நாம் நினைத்ததைவிடத் திறமையாக இயங்கினார்கள் என்று வாதிட்டார். அவர் சொல்வது சரி என்றே நாமும் கருதுகிறோம். நம்மை அச்சுறுத்துவது அந்தத் திறமைதான். நிர்வாகம் சீர்குலைந்ததால் நாடு அழிந்தது என்றால் அதற்கு ஆறுதல் உண்டு. நிர்வாகம் ஒழுங்காக வேலை செய்ததால் போர் நீண்டது என்றால்?

1648 அக்டோபர் 24இல் கையெழுத்தான வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையை, அரசுகளின் இறையாண்மை பிறந்த நாளாக அரசியல் அறிவியல் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். மண்ணில் இருந்த ஜெர்மானியக் குடியானவனுக்கு அன்று எதுவும் பிறக்கவில்லை. படைகள் அப்படியே நின்றன. சுவீடன் தன் படையைக் கலைக்க 2 கோடி தாலர் கேட்டு, 50 லட்சத்துக்கு இறங்கி வந்திருந்தது. அந்தப் பணத்தை யார், எப்போது, எத்தனை தவணையில் தருவது, எந்தத் தவணைக்கு எந்தக் கோட்டையைக் காலி செய்வது என்பதை 1649, 1650 ஆண்டுகளில் நியூரெம்பெர்க்கில் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். கடைசியாக ஃபெக்டா ஊரிலிருந்து சுவீடன் படை வெளியேறியது 1654இல்.

அந்தத் தவணைப் பட்டியலை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அதில் தத்துவம் இல்லை, வீரம் இல்லை. தோற்கடிக்கப்படாத ஒரு படையை விலை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய ஆவணம் அது. எரிந்த ஊர்களிலிருந்தே அந்த விலையும் தண்டல் செய்யப்பட்டது என்பது அநியாயம்தான். ஆனாலும் அது போரை முடித்தது. முன்னால் போட்ட சமாதானங்கள் முடிக்கவில்லை.

போர் நிறுத்தப் பேச்சு என்று செய்தி வரும்போதெல்லாம் எல்லைக்கோடு எங்கே விழும் என்று வரைபடத்தைப் பார்க்கிறோம். துப்பாக்கியைக் கீழே வைப்பவன் அடுத்த மாதம் எதைத் தின்பான், அந்தப் பணம் யார் வீட்டிலிருந்து வரும், போர் நின்றால் யாருடைய முதல் முழுகும் என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இவற்றுக்கு விடை எழுதாத உடன்படிக்கையில் எத்தனை பெரிய மனிதர்கள் கையெழுத்திட்டாலும், அது போருக்குக் கொடுத்த விடுமுறை மட்டுமே.