விலையை ஏற்றுவது எது?

"நோயாளிகள் குறைவு, அதனால்தான் விலை அதிகம்" என்கிறார்கள். ஏற்க முடியாது. முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவுக்கான ரிஸ்டிப்லாம், ரோச் நிறுவனத்திடம் ஒரு புட்டி ஏறத்தாழ 6 லட்சம் ரூபாயாக இருந்தது. 2025 அக்டோபரில் தடை கோரிய ரோச்சின் மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும், நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. ஒரே மாதத்தில் நோயாளிகள் பெருகிவிட்டார்களா? ஏகபோகம்தான் உடைந்தது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற அரிய நோயுள்ள குழந்தைகளுக்கு அப்படியொரு மலிவு மருந்தும் வாய்க்கவில்லை. அந்த நோய்க்காக 2019-இல் அமெரிக்காவில் வந்த டிரைகாஃப்டா மருந்தின் விலை, அங்கே ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கும் மேல். தொப்பம்பட்டி போன்ற ஊரில் தோட்டத்தையும் வீட்டையும் விற்றாலும் ஒரு வருட மருந்துக்குக் காணுமா? அரிய நோய்களுக்கு மத்திய அரசு தரும் 50 லட்சமும் போதாது. ஆனால் வழி இருக்கிறது: காப்புரிமை உள்ள மருந்தை வேறொரு நிறுவனம் தயாரிக்க அரசு அனுமதிக்கும் கட்டாய உரிமத்தை, 2012-இல் நெக்ஸாவர் புற்றுநோய் மருந்துக்குக் கொடுத்த நாடு இது. அதற்கு இடமளித்த சட்டப்பிரிவு இன்றும் இருக்கிறது. அரசு அதை இப்போதே கையில் எடுக்க வேண்டும்.