மணி அடித்தால் எடுப்போமா?

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்பின் அறியாது வாயிலுக்கு வந்தவரே விருந்தினர். அவரைப் பேணுவதற்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். இன்றோ, அறியாத எண்ணிலிருந்து கைப்பேசி மணி அடித்தால் முகம் சுளிக்கிறோம். வணிகரும் அவ்வாறு செய்யலாமா?

என் மாமா மாமல்லபுரத்தில் சிறிய சிற்பக்கூடம் நடத்தி வருகிறார். உளியை வைத்துவிட்டு, கையில் படிந்த கல்தூளைத் துடைத்து அழைப்பை எடுத்தால், "சார், கடன் வேண்டுமா? மனை வேண்டுமா?" என்பார்கள். சலித்துப்போன மாமா, பெயர் தெரியாத எண்களை எடுப்பதையே நிறுத்திவிட்டார். சென்ற ஆடி மாதம் வெளியூர்க் கோயில் திருப்பணிக் குழுவினர் இரண்டு நாள் அழைத்துப் பார்த்துவிட்டு, நந்தி செய்யும் வேலையை வேறு கூடத்துக்குக் கொடுத்துவிட்டனர். இரண்டு சிற்பிகளுக்கு மூன்று மாதக் கூலி போயிற்று. 1984-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட ஊர். 2017-இல் புவிசார் குறியீடு பெற்ற கற்சிற்பங்கள். இத்தனை பெருமை இருந்தும் என்ன பயன்? மணி அடித்தபோது எடுப்பாரில்லையே!

மாமாவை மட்டும் குறை கூறுவதும் முறையன்று. விளம்பர அழைப்புக்கு 140 என்றும், வங்கி, அரசுத்துறை அழைப்புக்கு 1600 என்றும் தொடங்கும் எண்களை அரசு ஒதுக்கியுள்ளது. எனினும் ஏமாற்றுவோர் சாதாரண எண்களிலிருந்தே அழைக்கிறார்கள். வாடிக்கையாளரும் அத்தகைய எண்ணிலிருந்துதானே அழைப்பார்? ஆகவே எண்ணை மட்டும் பார்த்து ஆளை அறிய இயலாது. பேசித்தான் அறிய வேண்டும்.

செங்கற்பட்டில் மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒருவரிடம் இதற்கு வழி கண்டேன். வேலை நேரத்தில் எடுக்க முடியாத எண்களை அவருடைய பையன் நோட்டில் குறித்து வைக்கிறான். நண்பகலிலும் மாலையிலும் அவர் திருப்பி அழைக்கிறார். முதலில் கடையின் பெயரைச் சொல்கிறார், பின்னர், "என்ன வேலை, எந்த ஊர்?" என்று கேட்கிறார். உண்மையான வாடிக்கையாளர் உடனே விவரம் சொல்வார். கடன் விற்பவரிடம், "வேண்டாம், ஐயா" என்று வைத்துவிடுகிறார். ஓ.டி.பி., வங்கிக் கணக்கு என்று பேச்செடுத்தால் அத்துடன் சரி. எவரேனும் ஏமாந்து பணம் இழந்தால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பதையும் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்.

இம்முறையை மாமாவிடம் கூறினேன். "படிக்கிற பிள்ளை சொல்கிறாய், செய்து பார்ப்போம்" என்றார். இப்போது சிற்பக்கூடத்திலும் ஒரு நோட்டு தொங்குகிறது.

தோழர்களே, நம்மில் பலருடைய வீட்டிலும் ஒரு கடையோ, படகோ, பட்டறையோ உண்டு. விடுமுறை நாளில் அந்த நோட்டுப் பொறுப்பை நாம் ஏற்கலாம். வாயிலில் திருடனும் வரலாம் என்பதற்காக விருந்தினருக்கும் கதவடைப்பது நம் மரபன்று. யாரென்று கேட்டுத் திறப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.