ஏழு நாளில் ஆறுமா உடைந்த தலை?

இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி லாரி மோதிச் சாலையில் விழுகிறான். மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிகிறது. எலும்பு விரிந்து கொடுக்காது. எனவே கசியும் ரத்தம் மூளையைத்தான் நசுக்கும். அந்த நேரத்தில் ஸ்கேனும் ஆபரேஷன் அறையும் கிடைத்தால் உயிர் தங்கலாம்.

மத்திய சர்க்காருக்கும் இது தெரியும். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்தில் காசில்லாமல் வைத்தியம் செய்யத் திட்டம் வகுப்போம் என்று அவர்களே எழுதி வைத்தார்கள். 2022 ஏப்ரல் 1 அன்று அந்தப் பிரிவு அமலுக்கு வந்தது. திட்டம் வந்ததா? வரவில்லை! அந்த ஒரே ஆண்டில் நாட்டின் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில், 2025 ஜனவரி 8 அன்று சுப்ரீம் கோர்ட் கெடு வைத்தது. மார்ச் 14-ம் தேதி வந்தது, போனது. இலாகா செயலாளரைக் கோர்ட்டுக்கு இழுத்த பிறகே, மே 5 அன்று அறிவிக்கை பிறந்தது. தான் போட்ட சட்டத்தைத் தானே மதிக்க இந்த சர்க்காருக்கு ஆறு வருஷம் பிடித்தது!

சரி, வந்ததே, அதில் என்ன இருக்கிறது? ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. ஏழு நாள் வரை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டாலும் உயிர்கள் பிழைக்கின்றன, மறுக்கவில்லை. நாம் கேட்பது எட்டாம் நாளைப் பற்றி.

எட்டாம் நாள் என்ன நடக்கிறது? தையல் பிரித்து, கட்டிலைக் காலி செய்யச் சொல்லி அனுப்புகிறார்கள். கை இருக்கிறது, கால் இருக்கிறது, பார்த்தால் நல்ல மனுஷன். ஆனால் பத்து வருஷம் ஓட்டிய மிஷினில் அறுந்த நூலை எப்படி இணைப்பது என்று அவனுக்கு விளங்கவில்லை. காலையில் சொன்னது மாலையில் நினைவில்லை. சத்தம் கேட்டால் தலை வெடிக்கிறது. சாதுவாக இருந்தவன் பெண்டாட்டி பிள்ளைகள் மேல் பாய்கிறான். 'குடித்துவிட்டு ஆடுகிறான்' என்கிறது ஊர். 'வேலைக்கு லாயக்கில்லை' என்கிறான் மேஸ்திரி. அடிபட்ட மூளை செய்யும் வேலை இது என்று அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. பேச்சும் நினைவும் நடையும் மறுபடி பழக மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸில் அதற்குத் தனித்துறை இருக்கிறது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. முதுகுளத்தூரிலிருந்து ஒரு கூலிக்காரி, நடக்க முடியாத புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வாராவாரம் கே.கே. நகர் போய் வருவாளா? போகும் நாளின் கூலியை யார் தருவது?

இப்படி எத்தனை குடும்பங்கள்? சர்க்காரின் விபத்துக் கணக்கில் இறந்தோர், பலத்த காயம், லேசான காயம் என்று கட்டம் போட்டிருக்கிறார்கள். பலத்த காயத்தில் கால் ஒடிந்தவர் எத்தனை, மூளை அடிபட்டவர் எத்தனை, ஓராண்டு கழித்து அவர்களில் வேலைக்குத் திரும்பியவர் எத்தனை — கட்டம் இல்லை. புற்றுநோய்க்கு 1980-களின் தொடக்கத்திலேயே தேசியப் பதிவேடு திறந்த நாடுதானே இது? தலைக்காயத்துக்கு மட்டும் ஏன் கை வரவில்லை? எண்ணினால் பொறுப்பேற்க வேண்டும். அதுதான் சங்கடம்!

2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தைப் புரட்டுங்கள். 21 வகை ஊனங்கள் பட்டியலில் உண்டு. தலைக்காயம் என்ற பெயர் அதில் இல்லை. கை கால் முடங்கியிருந்தால் ஒரு பிரிவில் நுழையலாம். மனநோய் என்று எழுதினால் இன்னொன்றில் நுழையலாம். நினைவு மட்டும் சிதைந்தவன் எந்த ஜன்னலில் போய் நிற்பான்?

அமெரிக்காவில் இதற்கென 1996-ல் தனிச் சட்டமே போட்டார்கள். 2012-ல் ஜனாதிபதி ஒபாமா உத்தரவிட்ட பின் ராணுவம், முன்னாள் வீரர்கள், சுகாதாரம், கல்வி என்று நான்கு இலாகாக்கள் கூடி ஒரே ஆராய்ச்சித் திட்டம் தீட்டின. எல்லாம் கருணை என்று எண்ண வேண்டாம். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் குண்டு வெடிப்பில் மூளை குலுங்கித் திரும்பிய சொந்தச் சிப்பாய்களை மறைக்க முடியாமல் போனது. அப்படியும் 2020 ஜனவரியில், ஈரானின் ஏவுகணை விழுந்த முகாமில் அடிபட்டவர்களுக்கு 'தலைவலி' என்று அலட்சியமாகச் சொன்னார் டிரம்ப். பிறகு மூளைக்காயம் என்று உறுதியானவர்கள் நூற்றுக்கும் மேல்! இருந்தும், இலாகாக்கள் ஒன்றுகூட முடியும் என்பது அங்கே நிரூபணமாயிற்று. இங்கே வைத்தியம் ஒரு இலாகா, சாலை ஒரு இலாகா, தொழிலாளர் ஒரு இலாகா, ஊனச் சான்று வேறொன்று. நான்கு வாசலிலும் ஏறி இறங்குவது நோயாளியின் பெண்டாட்டி.

இன்னொன்று. இந்த இரண்டு திட்டங்களும் சாலை விபத்துக்கு மட்டுமே. தென்னை மரத்திலிருந்து விழுபவனுக்கு, சாரம் சரிந்து விழும் கொத்தாளுக்கு இவற்றில் இடமில்லை. லாரியில் அடிபட்டால் ஒரு மூளை, மரத்திலிருந்து விழுந்தால் வேறு மூளையா?

ஜில்லாவுக்கொரு மறுவாழ்வுப் பிரிவு. ஏழு நாளோடு நிற்காத சிகிச்சை. வைத்தியத்துக்கு அழைத்துவருபவருக்குப் பஸ் செலவும் கூலியும். ஊனச் சட்டத்தில் தலைக்காயத்தின் பெயர். நாடு முழுவதற்கும் ஒரு பதிவேடு. இவற்றில் எதைத் தர முடியாது, ஏன் முடியாது என்று சுகாதார மந்திரி பார்லிமெண்டில் எழுந்து சொல்லட்டும்.