சீருடையைக் கழற்றி வைத்த பின்

படையிலிருந்து விலகி ஊர் திரும்பும் ஒருவருக்குக் கிராமத்தில் என்ன வேலை காத்திருக்கிறது? பெரும்பாலும் காவற்காரர் வேலை அல்லது சாரதி வேலை. இல்லையேல் ஓய்வூதியத்தோடு வீட்டு விறாந்தை. நாற்பது வயதுகூட ஆகாத, உடலில் வலுவுள்ள ஒரு மனிதரை ஊர் இப்படி வீணாக்குவது எமக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்து வந்துள்ளது.

மகாராஷ்டிர மாநிலத்தின் ராலேகான் சித்தி என்னும் கிராமம் வேறு விடை கண்டது. 2011இல் டில்லியில் ஊழலுக்கு எதிராக உண்ணாவிரதமிருந்த அண்ணா ஹசாரேயைப் பலரும் அறிவர். 1975இல் அவர் ஓய்வு பெற்ற ஓர் இராணுவச் சாரதி மட்டுமே. 1965ஆம் ஆண்டுப் போரில் கேம்கரண் பகுதியில் தோழர்கள் மடிய, தாம் மட்டும் உயிர் தப்பியவர். மிஞ்சிய வாழ்வு பிறருக்கென்று தீர்மானித்து அவர் வந்து சேர்ந்த ஊரில் மழையில்லை, விளைச்சலில்லை. கசிப்பு மட்டும் தாராளமாகக் காய்ச்சப்பட்டது.

அவர் பாடசாலையிலிருந்து தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இராணுவத்தில் சேர்த்த பணத்தைப் போட்டு, இடிந்து கிடந்த ஊர்க் கோவிலைத் திருத்தினார். பிறகு தண்ணீர்: சரிவுகளில் அகழிகள் வெட்டி, ஓடைகளில் அணை கட்டி, மழைநீரை நிலத்துக்குள் இறக்கினார்கள். வேலை சிரமதானமாகவே நடந்தது. எமக்கும் நன்கு பழக்கமான சொல்தான் அது.

பாடசாலையின் கதை இதைவிட நீண்டது. 1932இல் ஒரே அறையோடு தொடங்கிய ஆரம்பப் பாடசாலைக்கு மேல் ஊரில் படிப்பில்லை. பையன்கள் பார்னேருக்கோ சிரூருக்கோ போனார்கள். பெண் பிள்ளைகள் அதோடு நின்றார்கள். 1971இல் ஊரின் சனத்தொகை 1,209. எழுத வாசிக்கத் தெரிந்த பெண்கள் 72 பேர். ஹசாரேயும் ஊர் இளைஞரும் 1976இல் முன்பள்ளியையும், 1979இல் உயர்தரப் பள்ளியையும் தொடங்கினர். அங்கீகாரம் கிடைக்காதபோது, 1980இல் அதற்காக அவர் உண்ணாவிரதமிருந்தார். கட்டடத்துக்கு அரச உதவி வந்தது. கூலிக்குப் பதிலாக ஊராரின் கைகள் உழைத்தன. வேறிடங்களில் பரீட்சையில் தவறிய பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. 1982இல் அவ்வூர்ப் பெண்பிள்ளை ஒருத்தி முதன்முறையாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் சித்தியடைந்தாள். ஒரேயொருத்திதானே என்று அபிவிருத்தி அறிக்கை எழுதுவோர் கருதக்கூடும். பெண்பிள்ளைகளை வீட்டோடு நிறுத்தும் ஊர்களை அறிந்த நாம் அப்படிக் கருதமாட்டோம்.

படைவீரர் ஒருவர் இதற்குக் கொண்டுவந்தவை எவை? ஓய்வூதியம் இருந்ததால் ஊராரிடம் கைநீட்ட வேண்டியிருக்கவில்லை. நேரந்தவறாமை இருந்தது. கோவிலை ஒட்டிய சிறிய அறையே போதுமென்ற பழக்கமும் இருந்தது.

ஆனால் இன்னொன்றையும் அவர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு வந்தோரைத் தூணில் கட்டி வைத்து அடித்தார்கள். ஹசாரே தமது இராணுவ இடுப்புப் பட்டியை இதற்குப் பயன்படுத்தினார். அவர் அதை மறைத்ததுமில்லை, நோயாளிக்குக் கொடுக்கும் கசப்பு மருந்தாகவே கண்டார். ஊரில் குடி ஒழிந்தது உண்மை. எனினும் நாம் இதை ஏற்க முடியாது. பள்ளிக்குப் போகும் பிள்ளை வழியில் தன் தகப்பன் தூணில் கட்டுண்டு அடிபடுவதைப் பார்த்தால், அன்றைய பாடம் அதுவாகத்தான் இருக்கும்.

இதை எமது நாட்டில் எழுதும்போது வன்னியை மறக்க இயலாது. 2009இல் போர் முடிந்தபின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல முன்பள்ளிகள் பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் நடத்தப்பட்டன. ஏனைய முன்பள்ளி ஆசிரியைகள் பெற்றதைவிடப் பல மடங்கு சம்பளம் அங்கு கிடைத்தது. அதை ஏற்ற சகோதரிகளை நாம் குறை கூறமாட்டோம், அடுப்பெரிய வேண்டுமே. கட்டடம் திருத்தியதும் கொப்பி கொடுத்ததும் உதவிகளே. ஆனால் ராலேகானில் ஒரு மகன் தன் ஊருக்குத் திரும்பி வந்தான். வன்னியில் ஒரு நிறுவனம் வந்தது. அதனிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லப் பெற்றோருக்கு இயலுமாயிருந்ததா? சொல்ல இயலாத இடத்தில் தொண்டு என்னும் சொல்லுக்குப் பொருள் ஏது?

எமது கவலை இப்போது வேறோரிடத்தில் இருக்கிறது. போருக்குப்பின் புனர்வாழ்வு பெற்று வெளிவந்த முன்னாள் போராளிகள் சுமார் 12,000 பேர். தெற்கின் கிராமங்களிலோ கை கால் இழந்து ஊர் திரும்பிய படைவீரர்கள். வாகனம் திருத்தவும் கிணறு வெட்டவும் தெரிந்தவர்கள் இவர்களுள் இருக்கின்றனர். ஆயினும் ஊர் முன்னாள் போராளியைக் கண்டு ஒதுங்குகிறது, முன்னாள் படைவீரரை விழா மேடையில் ஏற்றி மாலையிட்டு அனுப்பிவிடுகிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோரும் பழைய மாணவரும் நலன்விரும்பிகளும் அங்கம் வகிக்கலாம். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு இவர்களின் வீட்டுக்கு அழைப்பிதழ் அனுப்புவதோடு நிற்காமல், சங்கத்தார் எவராவது நேரில் போய் அழைத்து வரட்டும். தண்ணீர்த் தாங்கியின் உடைந்த குழாயைக் காட்டி, இதைத் திருத்த முடியுமா தம்பி என்று கேட்கட்டும்.