செஞ்சிப் பழநகரும் புதுக்குவார் கொள்கையும்

அழிந்துபட்ட நகரொன்றைப் பழையபடியே எடுத்துக் கட்டுதல் தகுமோ தகாதோ என்னும் வினா, செஞ்சியைக் குறித்து இப்பொழுது ஆராயற்பாலதாயிற்று. என்னை? 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களிற் பாரிசு மாநகரிற் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, மராட்டியர் படைநிலைகள் என 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. அவற்றுள் 11 மகாராட்டிரத்திலுள்ளன. தமிழ்நாட்டிலுள்ளது செஞ்சி ஒன்றே. பெருமை வந்தவிடத்துப் பேராசையும் உடன்வருதல் உலகியல்பு. ஆதலின் இருபக்கமும் நிறுத்துக் காண்டல் நன்று.

முதற்கண் பரபக்கம் கூறப்படும். "இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்த மதிலினுள்ளே மாளிகைகளை மீண்டும் எழுப்பினால், காண்பார் பெருகுவர், ஊரார்க்குப் பிழைப்புண்டாம், தச்சர்க்கும் சிற்பியர்க்கும் தொழில் கிடைக்கும், இளைஞர் முன்னோர் வாழ்வைக் கண்ணாற் கண்டு ஊக்கமுறுவர்" என்பர் புதுக்குவார். இவற்றுட் பிழைப்பும் தொழிலும் மெய்ப்பயன்களே; அவற்றை மறுத்தல் நேர்மையன்று. இனி அப்பயனுக்குக் கொடுக்கும் விலை யாதென்பது காண்க.

புதுக்குவார் எந்தச் செஞ்சியைப் புதுக்குவர்? நாயகர் செஞ்சியையோ? அதனைப் பிசப்பூர்ப் படை கைப்பற்றியது. பிசப்பூரார் செஞ்சியையோ? அதனைச் சிவாசி 1677இற் கொண்டார். மராட்டியர் செஞ்சியையோ? நெடுநாள் முற்றுகைக்குப் பின் 1698இல் அது மொகலாயர் வசமாயிற்று. 1714இல் தேசிங்கு அங்கே பொருது வீழ்ந்தான். 1750இற் பிரெஞ்சியரும், 1761இல் ஆங்கிலேயரும் புகுந்தனர். ஒருவர் கட்டியதை மற்றொருவர் இடித்தும் கூட்டியும் திருத்தியும் வந்தமையால் இன்றுள்ள செஞ்சி உண்டாயிற்று. இவற்றுள் ஒரு காலத்தை மட்டும் நிறுத்துவான் ஏனைக் காலங்களை அழித்தேயாக வேண்டும். கல்யாண மகாலும் சாதத்துல்லா கான் மசூதியும் வேங்கடரமணர் கோயிலும் ஒரே மதிலினுள் நிற்றல்தான் செஞ்சியின் மெய்வரலாறு. அதனை ஒருநிறமாக்குதல் வரலாற்றைக் காத்தலன்று, பொய்ச்சான்று புனைதலாம்.

அன்றியும், ஓரிடத்தை அழகுசெய்யும் ஆசை பிறிதோரிடத்தை வறிதாக்கும் என்பதற்குச் செஞ்சியே சான்று. புதுவைக் கடற்கரையிற் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கற்றூண்கள் செஞ்சியினின்றும் பிரெஞ்சியர் கொண்டுபோனவை. அவை அங்கே அழகாகவே நிற்கின்றன. ஆனால் எக்கோயிலைத் தாங்கினவோ அதனைத் தாங்குகின்றில.

இனி, அதிகாரத்தின் துணைகொண்டு புதுக்குதலால் வருங் கேட்டையும் நோக்குக. 1597இற் செஞ்சி நாயகராகிய கிருட்டிணப்பர் தில்லையிற் கோவிந்தராசர் சந்நிதியைப் புதுக்க முற்பட்டார். ஆண்டுத் தொண்டுபூண்ட தீக்ஷிதர் அதனைத் தடுத்தனர்; தம் சொல் ஏறாமையின் கோபுரத்தின் மேலேறி வீழ்ந்து உயிர்விட்டனர். அங்ஙனம் மாண்டார் இருபதின்மர் என அக்காலத்து வந்திருந்த பிமெண்டா என்னும் ஏசு சபைப் பாதிரியார் எழுதிவைத்தார். திருமாலுக்குச் சந்நிதி எடுத்தல் குற்றமென்பது ஈண்டுக் கருத்தன்று. அவ்விடத்தே வாழ்ந்து தொண்டு செய்வாரைக் கேளாது, பொருளும் படையும் உடைமையாலே கட்டத் துணிதலே குற்றம்.

அங்ஙனமாயிற் கோயிற்றிருப்பணியும் ஆகாதோ எனின், அற்றன்று. திருவேடத்தோடு திருக்கோயிலையும் சிவமெனவே கண்டு வழிபடுக என்பது சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் கருத்து. வழிபாடு நடக்குமிடம் உயிருள்ள இடம். அதனைச் செப்பஞ்செய்தல் கடமை. அரசிழந்த அரண்மனையோ அங்ஙனமன்று. அதற்கு வேண்டுவது சரியாது காத்தலே.

திருப்பணி செய்யுமாறும் முன்னோர் காட்டியதே. திருமழபாடியில் திருவிமானத்தைப் பிரித்துக் கட்டுமாறு முதலாம் இராசராசர் தம் 28ஆம் ஆட்சியாண்டிற் பணித்தபோது, சுவரிலிருந்த கல்வெட்டுக்களைப் புத்தகத்தில் எழுதிக்கொண்ட பின்னரே பிரிக்குமாறு பணித்தார். அவை இராசேந்திரரின் 14ஆம் ஆட்சியாண்டிற் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. திருக்கோடிகாவிற் செம்பியன் மாதேவியார் கற்றளி எடுப்பித்தபோதும் பழங் கல்வெட்டுக்கள் இவ்வாறே போற்றப்பட்டன. அறமாகக் கொடுத்த நிலமும் நெய்யும் யார் கொடுத்தவை என்பதை மறவாமையே அவர்தம் புதுக்குதலின் இலக்கணம். இக்காலத்திலோ, மணல் வீசித் தூண்களைத் தேய்த்தும், எழுத்தின்மேல் ஓடு பதித்தும், சுதை பூசியும், அவற்றைத் திருப்பணியென்று சாற்றிக்கொள்ளும் சைவரும் உளர். இவர் புதுக்குவாரினுங் கொடியர். அவர் பொய்யைக் கூட்டுவர், இவர் மெய்யைத் துடைப்பர்.

செஞ்சியை அடுத்த சிங்கவரத்திற் பாறையிற் குடைந்த கோயிலிற் பள்ளிகொண்ட அரங்கநாதர் திருவுருவமும் அப்பாறையே. பழஞ்செஞ்சி எனப்படும் மேலைச்சேரியிற் சிவபெருமானுக்குப் பல்லவர் காலத்துக் குடைவரை உண்டு. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி முப்பெருந்தேவர்க்கும் கோயில் எடுத்ததை முதலாம் மகேந்திரவர்மன் கல்லில் எழுதிவைத்தான். மாளிகையை இடித்தாற் கட்டலாம். குடைவரை சிதைந்தால் எவர் கட்டுவர்? முதலிற் காக்கத்தக்கன இவையே. செலவிடும் பொருள் உண்டாயின், இக்குடைவரைகளின் காவலுக்கும், கல்வெட்டுக்களைப் படியெடுத்தற்கும், சக்கரக்குளம் செட்டிகுளம் முதலிய நீர்நிலைகளைத் தூர்வாரிப் பேணுதற்கும், ஊர்ச்சிறார்க்கு உண்மை வரலாறு உரைப்பாரைப் பயிற்றுதற்கும் ஆகுக. தச்சரும் சிற்பியரும் வேலையிழவார். சரியும் மதிலைத் தாங்கவும் பிளந்த கல்லைப் பிணைக்கவும் அவர் கைத்திறன் என்றும் வேண்டப்படும். காண்பார் வருவர், ஊரார் பிழைப்பர், பொய்மாளிகை ஒன்றும் வேண்டா.

செஞ்சி நகர் வீழ்ந்தது உண்மை. வீழ்ந்ததை வீழ்ந்ததென்றே காட்டி, வாழ்வதை வாழவைத்தலே அறமாம். அரசு நிலையாது, அருளே நிலைக்கும் என்பதை அம்மூன்று குன்றுகளும் இடிந்த மதிலோடு நின்றே உரைக்கின்றன. அவ்வுரையைச் சுண்ணம் பூசி மறைத்தல் ஆகாதென்பது தெளிக.