நாடகம் என்றால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாமா?

"'தி கிரவுன்' பாருங்க சார், இங்கிலாந்து ராஜ குடும்பத்துச் சரித்திரம் மொத்தமும் அதுல இருக்கு" என்று காலை நடையில் கூட வரும் நண்பர் சொன்னார். ஆறு சீசன், 60 எபிசோடு. ஓய்வூதியக்காரனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? முழுக்கப் பார்த்துவிட்டேன். நடிப்பும் படப்பிடிப்பும் பிரமாதம். 'சரித்திரம்' என்று அவர் சொன்னதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கற்பனையே கூடாது என்று வாதாடுகிறவன் இல்லை நான். எலிசபெத் அரசியும் பிரதமரும் வாராவாரம் தனியறையில் பேசியதற்குக் குறிப்பு எதுவும் கிடையாது. அங்கே கதாசிரியர் வசனம் எழுதித்தான் ஆக வேண்டும். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்தைக் காட்டும்போது, சர்ச்சிலின் அலுவலகத்தில் வெனிஷியா ஸ்காட் என்ற இளம்பெண்ணைப் படைத்து, பஸ் மோதிச் சாகவைத்தார்கள். அப்படி ஒரு காரியதரிசி இருந்ததே இல்லை. போகட்டும், அதனால் யார் பெயரும் கெடவில்லை.

ஆனால் இதைப் பாருங்கள். இளவரசர் ஃபிலிப்பின் அக்கா செசிலி 1937 நவம்பரில், பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் அருகே விமான விபத்தில் இறந்தார். கூடவே கணவரும் இரண்டு மகன்களும் மாமியாரும் போனார்கள். லண்டனில் கணவரின் தம்பிக்குக் கல்யாணம், அதற்காகப் புறப்பட்டவர்கள். ஃபிலிப்புக்கு அப்போது வயது 16. ஸ்காட்லாந்தில் பள்ளிக்கூட விடுதியில் இருந்தார். அந்தப் பயணத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

தொடரில் வருவது வேறு. பள்ளியில் அவர் போட்ட சண்டையால் விடுமுறை ரத்தாகிறது; அதனால்தான் அக்கா அந்த விமானத்தில் ஏற நேர்கிறது. போதாததற்கு, இறுதிச் சடங்குக்கு வந்த மகனைப் பார்த்துப் பெற்ற தகப்பனே, உன்னால்தான் அவள் போனாள் என்று எல்லோர் முன்னாலும் பழி சொல்கிறார். இந்தக் காட்சி வெளிவந்த 2017இல் ஃபிலிப் 96 வயதில் உயிரோடு இருந்தார்.

நம் வயதில் எத்தனை சாவு பார்த்திருக்கிறோம்! வீட்டில் ஒரு அகால மரணம் நடந்தால், 'நம்மால்தானோ' என்ற நினைப்பு கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். காரணம் இல்லாவிட்டாலும் ஒட்டிக்கொள்ளும். இல்லாத அந்தப் பழியை எண்பது வருஷம் கழித்து, ஊர் உலகம் பார்க்க ஒருவர் தலையில் ஏற்றுவதற்குக் கலை என்று பெயரா? ராஜ வம்சத்தில் பிறந்துவிட்டால் துக்கம் துக்கம் இல்லையா?

அரசியலிலும் இதே கதைதான். 1991இல் இளவரசர் சார்லஸ் பிரதமர் ஜான் மேஜரைக் கூப்பிட்டு, அம்மா வழிவிட்டால் தேவலை என்கிற தோரணையில் பேசுவதாக ஒரு காட்சி. அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று மேஜர் தரப்பு கடுமையாக மறுத்தது.

2020இலேயே பிரிட்டனின் கலாசார அமைச்சர், 'இது கற்பனை' என்று ஒரு அறிவிப்புப் போடச் சொன்னார். நாடகம் என்பது எங்கள் பார்வையாளர்களுக்குத் தெரியும், அதற்கு அவசியமில்லை என்றது நெட்ஃப்ளிக்ஸ். தெரியுமாம்! தெரிந்திருந்தால் என் நண்பர் ஏன் சரித்திரம் என்கிறார்? 2022இல் ஜூடி டெஞ்ச், திரையில் விக்டோரியா மகாராணியாகவே நடித்த அம்மையார், 'தி டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அதே அறிவிப்பைக் கேட்டார். பிறகு முன்னோட்டக் காணொளியின் கீழே உள்ள விவரக் குறிப்பில், இது கற்பனை கலந்த நாடகம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். அதைத் தேடிப் படிப்பவர் எத்தனை பேர்?

நம் தூர்தர்ஷனை எவ்வளவு கேலி செய்திருக்கிறோம். 1990இல் அதில் வந்த திப்பு சுல்தான் தொடர் நினைவிருக்கிறதா? இது கற்பனை, பகவான் கித்வானியின் நாவலைத் தழுவியது என்ற அறிவிப்போடுதான் ஒளிபரப்பினார்கள். அதனால் யாரும் டிவியை அணைத்துவிடவில்லை. சர்க்கார் சேனலால் முடிந்தது உலகம் முழுக்கச் சந்தா வாங்கும் கம்பெனியால் முடியாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாண உடுப்பின் மடிப்பு, கிரீடத்தின் கல், மோட்டார் காரின் வருஷம் என்று எல்லாவற்றையும் அச்சு அசலாகச் செய்கிறார்கள். உடுப்பு சரி என்றால் பேச்சும் சரி என்று நம் மனம் தானாகவே நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் வியாபாரம். இத்தனை நுணுக்கம் பார்க்கிறவர்கள், ஒரு மனிதரின் பெயருக்கு அதில் பாதி கவனம் கொடுத்தால் என்ன?

அவர்கள் செய்யும்வரை நாம் செய்வோம். பேரன் பேத்திகளோடு உட்கார்ந்து பார்க்கிறீர்களா? பாருங்கள். மூடிய கதவுக்குள் யாராவது உருக்கமாகப் பேசினால், "இதை யார் கூட இருந்து கேட்டார்கள்?" என்று கேளுங்கள். ஒரு சாவுக்கோ சண்டைக்கோ யார் மீதாவது பழி விழுந்தால், நடந்த தேதியைப் போட்டுச் செல்போனில் தேடச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலைதான். பிறகு மீதிப் படத்தை நிம்மதியாகப் பார்க்கலாம்.