நூறு டிகிரி என்று யார் சொன்னது?

"அறிவியல் எல்லாத்தையும் ஒரு நம்பரா சுருக்கிடுது சார். இலக்கியம்தான் எதையும் அதோட சூழல்ல வச்சுப் பார்க்குது." இலக்கியக் கூட்டத்தில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். நானும் தட்டியிருக்கிறேன். இப்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த வாக்கியத்தில் அறிவியல் என்று திட்டு வாங்குவது பாடப்புத்தகத்தின் பின்பக்க அட்டவணை. இரண்டும் ஒன்று என்று நினைப்பது சோம்பேறித்தனம்.

சின்னசேலத்தில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பக்கம் மரவள்ளி விளையும் பூமி, ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை. சித்திரை வெயிலில் அம்மா வத்தல் ஊற்றுவார். பொரித்தால் நொறுங்கும். ஐப்பசி மழையில் டப்பாவை மூட மறந்தால் விடிவதற்குள் நமத்துவிடும். மரவள்ளி மாவு ஒரு பாலிமர், அதாவது நீண்ட மூலக்கூறு சங்கிலிகளின் கூட்டம். காய்ந்திருக்கும்போது சங்கிலிகள் தாறுமாறாகக் கிடந்தபடியே உறைந்து நிற்கின்றன, ஜன்னல் கண்ணாடி மாதிரி. சூடேற்றினால் ஒரு கட்டத்தில் அவை அசையத் தொடங்கிப் பொருள் இளகும். அதுதான் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. ஈரம் புகுந்தால் அந்த வெப்பநிலை சரசரவென்று இறங்கிவிடுகிறது. வத்தல் சும்மா இருந்த இடத்திலேயே இளகுகிறது.

பொறியியல் கல்லூரியில் இது இரண்டு மார்க் கேள்வி. பாலிஸ்டைரீனுக்கு 100 டிகிரி செல்சியஸ். வாய்மொழித் தேர்வில், "இதுவும் வத்தல் மாதிரி சூழலுக்கேத்த மாதிரி மாறுமா சார்?" என்று கேட்டேன். "சிலபஸ்ல இருக்கறத மட்டும் சொல்லுப்பா." மார்க் போனது.

ஆனால் கேள்வி தப்பில்லை. நான் கல்லூரிக்குப் போவதற்கு வெகுமுன்பே, 1994இல், கெடி, ஜோன்ஸ், கோரி மூவரும் சிலிக்கான் மேல் பாலிஸ்டைரீனை மிக மெல்லிய படலமாகப் பூசி அளந்துவிட்டார்கள். தடிமன் 40 நானோமீட்டருக்குக் கீழே போனதும் அந்த 100 இறங்க ஆரம்பித்தது. தலைமுடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்கான 10 நானோமீட்டரில் ஏறத்தாழ 25 டிகிரி குறைவு. ஈரம் சேர்க்கவில்லை, வேறு எதையும் கலக்கவில்லை. அதே பொருள்தான், மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

காரணம் என்ன? காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் சங்கிலிகளை நெருக்க மேலே ஆளில்லை. அவை எளிதாக அசைகின்றன. கெட்டியான பிளாஸ்டிக்கில் அவை சொற்பம், 10 நானோமீட்டர் படலத்தில் அவைதான் கணிசமான பங்கு. 1996இல் கனடாவில், அடியில் எதுவுமே இல்லாமல், இரண்டு பக்கமும் காற்று இருக்கும்படி 29 நானோமீட்டர் படலத்தை நிறுத்தி அளந்தார்கள். ஏறத்தாழ 70 டிகிரி குறைவு. எங்கள் ஊர் வெயிலுக்கே இளகிவிடும்! பிஎம்எம்ஏ என்கிற இன்னொரு பாலிமரைச் சிலிக்கான் ஆக்சைடு மேல் பூசினால் கதை தலைகீழ்: அடித்தளம் சங்கிலிகளைப் பிடித்துக்கொள்கிறது, வெப்பநிலை ஏறுகிறது. அதையே தங்கத்தின் மேல் பூசினால் இறங்குகிறது.

இது தீர்ந்த விஷயமும் இல்லை. வேகமாகக் குளிரவைத்து அளந்தால் இந்த இறக்கம் குறைந்து, கடைசியில் காணாமலே போகிறது என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின. கொல்கத்தாவின் சாஹா அணு இயற்பியல் கழகத்தாரும் எக்ஸ் கதிரை வைத்து மெல்லிய பாலிஸ்டைரீன் படலங்களின் வெப்ப விரிவை அளந்து 2005இல் எழுதினார்கள். முப்பது வருஷமாக ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை. இவர்களா சூழலைப் பார்க்காதவர்கள்?

உடனே எதிர்முனையிலிருந்து ஒரு குரல் வரும் என்று தெரியும். "பார்த்தீங்களா, எல்லாமே சார்புதான். உண்மைன்னு ஒண்ணு கிடையாது." அடுத்த வாரமே ஒரு கவிதையில் நானோ வந்து உட்கார்ந்துகொள்ளும், சேரிடம் அறிந்து சேர் என்று ஓர் உவமையும் ஒட்டிக்கொள்ளும். தயவுசெய்து வேண்டாம். எத்தனை நானோமீட்டர், எதன் மேல், எந்த வேகத்தில் குளிரவைத்தது: இந்த மூன்றையும் சொன்னால் ஆய்வகம் எண்ணைச் சொல்லும். இன்னொருவர் அதை மறுபடி அளந்து சரிபார்க்கலாம், மறுக்கலாம். 'எல்லாம் சார்பு' என்பவரிடம் சரிபார்க்க எதுவுமே இருக்காது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். உங்கள் போனுக்குள் இருக்கும் சிப்பின் கோடுகளை முதலில் ஒரு பாலிமர் படலத்தில்தான் வரைகிறார்கள். அந்த அளவில் அட்டவணையை நம்பினால் கோடு சாய்ந்துவிடலாம். அதைவிடப் பெரிய நஷ்டம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. மாடியில் வத்தல் நமப்பதைப் பார்த்த பிள்ளை, வகுப்பில் 100 என்று எழுதி இரண்டு மார்க் வாங்குகிறது. வளர்ந்து கூட்டத்துக்கு வந்து, அறிவியல் வறட்டுத்தனமானது என்று கைதட்டுகிறது. அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருவன்.

ஆகவே அடுத்த முறை யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள், தலையும் ஆட்டாதீர்கள். "எவ்வளவு தடிமனில்? எதன் மேல்?" என்று கேளுங்கள். மார்க் போனால் போகட்டும்.